ஆலையைப் பிரிக்கப் போகிறீர்களா? ஆஸ்பெஸ்டாஸ், மற்ற நச்சுப் பொருட்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, மதுரை, சேலம் பக்கம் மூடிக்கிடக்கும் மில்களும் ஃபவுண்டரிகளும் ஒவ்வொன்றாகக் கைமாறுகின்றன. இடத்தை வாங்கியவர், இடிக்க வந்த மேஸ்திரி, பக்கத்துத் தெருக்காரர் என்று யார் கேட்டாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, பதிலோடு தொகுத்திருக்கிறேன். முதலில் ஆஸ்பெஸ்டாஸ், அப்புறம் அதோடு சேர்ந்தே வரும் மற்ற நச்சுகள்.

ஆஸ்பெஸ்டாஸ்னா கூரை ஷீட்தானே? அதுல அப்படி என்ன ஆபத்து?

ஷீட் என்பது சிமெண்டில் ஆஸ்பெஸ்டாஸைக் கலந்து செய்த பொருள். ஆஸ்பெஸ்டாஸ் பாறையிலிருந்து எடுக்கும் நார். கல்நார் என்றும் சொல்வார்கள். கூரை ஷீட்டில் அது 8 முதல் 10 சதவீதம் வரை இருக்கும், மீதியில் பெரும்பகுதி சிமெண்ட்.

தீப்பிடிக்காது, சூட்டைக் கடத்தாது, லேசில் அறாது, விலையும் மலிவு. அதனால்தான் போன தலைமுறை ஆலைகளில் இது இல்லாத மூலையே கிடையாது. சிக்கல் என்னவென்றால், இந்த நார் உடையும்போது நீளவாக்கில் பிளந்து, கண்ணுக்கே தெரியாத ஊசிகளாகக் காற்றில் மிதக்கும். மூச்சில் போனால் நுரையீரலின் அடி வரைக்கும் இறங்கிவிடும். உடம்பால் அதைக் கரைக்கவும் முடியாது, முழுக்க வெளியே தள்ளவும் முடியாது. நுரையீரல் தடித்துச் சுருங்கும் ஆஸ்பெஸ்டாசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் மீசோதீலியோமா ஆகியவை இதனால் வருபவை. பெரும்பாலும் 20 முதல் 40 வருடம் கழித்துத்தான் தலைகாட்டும். புகை பிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் அபாயம் பல மடங்கு ஏறுகிறது.

எங்க வீட்டுக்கும் அதே ஷீட்தான். முப்பது வருஷமா இருக்கோம், ஒண்ணும் ஆகலையே?

உடையாமல், அரிக்காமல் கிடக்கும் ஷீட்டில் நார் சிமெண்டுக்குள் கட்டுண்டு கிடக்கிறது. அதன் கீழே குடியிருப்பதும், அதைச் சுத்தியலால் தட்டி உடைப்பதும் ஒன்றல்ல. அறுக்கும்போதும், துளை போடும்போதும், பாசியைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்க்கும்போதும்தான் நார் கிளம்புகிறது. வீட்டு ஷீட்டை நோண்டாமல் விடுங்கள். இடிப்பு வேலையில் அப்படி விட முடியாது என்பதால்தான் இந்தத் தொகுப்பே.

கூரை தவிர மில்லுல வேற எங்கெல்லாம் இருக்கும்?

ஆபத்து குறைந்த இடம் கூரைதான் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. பாய்லரையும் நீராவிக் குழாய்களையும் சுற்றி வெள்ளையாக, சுண்ணாம்புக் காரை பூசினது போல ஒரு உறை இருக்குமே, லேகிங் என்பார்கள், அதுதான் முதல் எதிரி. பழைய லேகிங்கில் நாரின் அளவு ஷீட்டில் இருப்பதைவிடப் பல மடங்கு இருக்கலாம். விரலால் அழுத்தினாலே மாவாக உதிரும். வெள்ளை ஆஸ்பெஸ்டாஸோடு, இன்னும் மோசமான பழுப்பு, நீல வகைகளும் அதில் கலந்திருக்கலாம்.

மற்றபடி குழாய்களை இணைக்கும் ஃபிளாஞ்சுத் தட்டுகளுக்கு நடுவில் கசிவைத் தடுக்க வைத்த கேஸ்கெட், பாய்லர் கதவைச் சுற்றிய கயிறு, வால்வு பேக்கிங், எலெக்ட்ரிக்கல் பேனலுக்குப் பின்னால் வைத்த பலகை, கிரேனின் பிரேக் லைனிங், வெல்டிங் திரை, மழைநீர்க் குழாய், பழைய ஃபால்ஸ் சீலிங், தரை டைல் ஆகியவற்றிலும் தேடுங்கள்.

பார்த்தாலே தெரிஞ்சுடுமா, டெஸ்ட் பண்ணணுமா?

பார்த்துச் சொல்ல முடியாது. ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத ஃபைபர் சிமெண்ட் ஷீட்டும் அச்சு அசலாக இதே போலத்தான் இருக்கும். ஷீட்டில் அச்சிட்ட கம்பெனி பெயரும் வருடமும் துப்புக் கொடுக்கலாம், அவ்வளவுதான். டெஸ்ட் செய்யாதவரை ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

சாம்பிள் எடுப்பதும் முறையாக நடக்க வேண்டும். அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் நனைத்து, கட்டைவிரல் நகம் அளவு துண்டை எடுத்து, இரண்டு ஜிப் கவருக்குள் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, துண்டு எடுத்த இடத்தை டேப்பால் மூட வேண்டும். என்.ஏ.பி.எல். என்ற தேசிய ஆய்வக அங்கீகார அமைப்பின் அங்கீகாரம் பெற்ற லேப்புக்கு அனுப்பினால் நுண்ணோக்கியில் பார்த்து வகையைச் சொல்வார்கள். லேகிங்கில் ஒரே ஒரு சாம்பிள் போதாது. பழுதுபார்த்த இடத்தில் ஒரு பொருளும் பக்கத்தில் வேறொரு பொருளும் இருப்பது சகஜம்.

இந்தியாவுல தடையே இல்லையே, அப்புறம் எதுக்கு இவ்வளவு ஜாக்கிரதை?

தடை இல்லை என்பது உண்மைதான். பிரிட்டன் 1999-லும், ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 2005-லும் தடை செய்துவிட்டன. அமெரிக்கா வெள்ளை வகையின் இறக்குமதிக்கும் பயன்பாட்டுக்கும் 2024-ல்தான் தடை கொண்டுவந்தது. இங்கே இன்னும் இறக்குமதி நடக்கிறது, ஷீட் விற்கிறது.

ஆனால் தடை இல்லை என்பதால் விதி இல்லை என்று ஆகாது. 1995-ல் உச்ச நீதிமன்றம் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில் மருத்துவப் பதிவேடு, இன்சூரன்ஸ், நோய் வந்தால் இழப்பீடு என்று தெளிவாகவே உத்தரவு போட்டது. கழிவை அப்புறப்படுத்துவதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 11768 என்ற பரிந்துரை 1986 முதலே இருக்கிறது. அபாயகரக் கழிவுகளுக்கான 2016 விதிகளும் உண்டு. விதி புத்தகத்தில் இருக்கிறது, சைட்டில்தான் காணோம்.

மொத்தமா பழைய இரும்புக்காரருக்கு கான்ட்ராக்ட் விட்டா அவரே பாத்துக்க மாட்டாரா?

என்னைக் கேட்டால், மற்ற எல்லாத் தவறும் இந்த ஒரு முடிவிலிருந்துதான் கிளம்புகிறது. "உள்ளே இருக்கிறதெல்லாம் உங்களுக்கு, எனக்கு இவ்வளவு பணம் கொடுங்க, ரெண்டு மாசத்துல இடம் காலியாகணும்" என்பதுதான் வழக்கமான பேச்சு. பணம் கொடுத்து எடுத்தவருக்கு லாபம் இரும்பிலும் செம்பிலும் இருக்கிறது. ஷீட்டும் லேகிங்கும் வழியில் கிடக்கும் தொந்தரவு. செம்புக் குழாயை எடுக்க லேகிங்கைக் கடப்பாரையால் தட்டிவிடுவார். தட்டியதைக் கூட்டிப் பெருக்க ஒரு பெண்ணை வைப்பார். அந்த அம்மா முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு காய்ந்த துடைப்பத்தால் பெருக்குவார். அந்தக் கட்டிடத்திலேயே அதிகமாக நாரைச் சுவாசிப்பவர் அவராகத்தான் இருப்பார்.

வரிசையை மாற்றுங்கள். முதலில் சர்வே: எந்தப் பொருள், எங்கே, எத்தனை சதுர மீட்டர், எந்த நிலையில் என்று வரைபடத்தோடு. அடுத்து அபாயப் பொருட்களை எடுக்கத் தனி ஒப்பந்தம், அது கன மீட்டர் அல்லது டன் கணக்கில் நீங்கள் பணம் கொடுக்கும் வேலையாக இருக்க வேண்டும். அது முடிந்து, இடம் சுத்தம் என்று எழுத்தில் வந்த பிறகே இரும்புக்காரர் கேட்டுக்குள் வரவேண்டும். சர்வேக்கு ஆகும் செலவைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள், பாதி வேலையில் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம் வந்து நிறுத்தினால் ஆகும் செலவையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம்.

சரி, ஷீட்டை எப்படிக் கழட்டணும்? படிப்படியா சொல்லுங்க.

நாரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்று: பழைய ஷீட் ஆளின் எடையைத் தாங்காது. நார் 30 வருடம் கழித்துக் கொல்லும், கூரை இன்றைக்கே கொல்லும். ஷீட் மேல் நேராகக் கால் வைக்கவே கூடாது. முடிந்தவரை கீழிருந்து, சிசர் லிஃப்ட் அல்லது சாரம் போட்டு எடுங்கள். மேலே ஏறியே ஆகவேண்டுமென்றால் பர்லின்களின் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள்) மேல் பலகைப் பாதை, கீழே வலை, உடம்பில் ஹார்னஸ் என்ற பாதுகாப்புப் பட்டை. போல்ட் வரிசை மேல் நடந்தால் ஒன்றும் ஆகாது என்று மேஸ்திரி சொல்வார். அப்படி நடந்து விழுந்தவர்களும் அதையே நம்பியவர்கள்தான்.

இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, மற்ற வேலைகளை நிறுத்தி, கீழே தரையில் பாலித்தீன் விரியுங்கள். ஷீட்டின் மேலும் கீழும் சோப்புத் தண்ணீரை மெல்லிய தூறலாக அடியுங்கள். வேகமாகப் பீய்ச்சும் பிரஷர் வாஷர் வேண்டாம், அது மேல்பரப்பையே பிய்த்துவிடும். பிறகு ஷீட்டைப் பர்லினோடு பிடித்திருக்கும் ஜே ஹூக் போல்ட். நட்டு துருப்பிடித்துச் சுற்றாது. அந்த நிமிடம்தான் ஒருவர் சுத்தியலை எடுப்பார், இன்னொருவர் கிரைண்டரை எடுப்பார். இரண்டும் கூடாது. போல்ட் கட்டரால் போல்ட்டின் தலையை நறுக்குங்கள். இடம் இல்லையென்றால் ஈரத்தோடு கை ரம்பத்தால் போல்ட்டை மட்டும் அறுங்கள், ஷீட்டைத் தொடாமல். போல்ட்டைச் சுற்றி உதிர்ந்த துகளை ஈரத் துணியால் உடனே துடைத்து, துணியையும் கழிவோடு சேர்த்துவிடுங்கள்.

கழட்டிய ஷீட்டைச் சறுக்கி விடாமல், மேலிருந்து போடாமல், இரண்டு பேர் முழுசாக இறக்க வேண்டும். கீழே அடுக்கி, 150 மைக்ரான் பாலித்தீனால் இரண்டு சுற்றுச் சுற்றி, டேப் போட்டு, "ஆஸ்பெஸ்டாஸ், உடைக்காதே" என்று தமிழிலும் இந்தியிலும் ஒட்டுங்கள். தூக்குபவர்களில் பாதிப் பேர் வடமாநிலத்துத் தம்பிகள். பையில் நுழைவதற்காக உடைப்பது, நனைத்த வேலை முழுவதையும் வீணாக்குவது.

லேகிங்குக்கும் இதே மாதிரி தண்ணி அடிச்சு எடுத்துடலாமா?

கூடாது. அது திறந்தவெளி வேலையே கிடையாது. பாய்லர் அறையை முழுக்க இரண்டு அடுக்குப் பாலித்தீனால் மூடி, ஹெப்பா ஃபில்டர் வைத்த எக்ஸாஸ்ட் மெஷினால் உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்து வைக்க வேண்டும். அப்போது எங்காவது ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே வருமே தவிர, உள்காற்று வெளியே போகாது. ஹெப்பா என்பது 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் ஃபில்டர். சாதாரண வேக்குவம் கிளீனர் நாரை ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் ஊதும், தயவுசெய்து அதை வைக்காதீர்கள்.

கொஞ்ச நீளக் குழாய் மட்டும்தான் என்றால் குளோவ் பேக் என்ற முறை உண்டு. கை நுழைக்க உறைகள் ஒட்டிய பாலித்தீன் பையைக் குழாயைச் சுற்றிக் கட்டி, வெளியே நின்றபடி உள்ளே நனைத்துப் பிரித்து, பையோடு சேர்த்து முடிந்து எடுப்பது. இந்த வேலைக்கு முன் அனுபவமும் பயிற்சியும் இருப்பவர்களை மட்டுமே கூப்பிடுங்கள். ஷீட் கழட்டிய அனுபவம் இதற்குச் செல்லாது.

கொரோனா நேரத்து என்-95 நிறைய மிச்சம் இருக்கு. அது போதாதா?

போதாது. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிகள் ஆஸ்பெஸ்டாஸ் வேலைக்கு, தூக்கி எறியும் மாஸ்க் வகையையே அனுமதிப்பதில்லை. குறைந்தபட்சம் ரப்பர் ஹாஃப் மாஸ்க், அதில் நுண்துகளைப் பிடிக்கும் உயர்தர பி-100 அல்லது பி-3 ஃபில்டர். லேகிங் வேலைக்கு முழு முக மாஸ்க் அல்லது காற்றை ஊதித் தரும் பேட்டரி மாஸ்க். தாடி இருந்தால் எந்த மாஸ்க்கும் முகத்தில் ஒட்டாது. இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், ஆனாலும் வேலைக்கு முன் ஷேவ் செய்தே ஆகவேண்டும்.

வேலை முடிஞ்சு ஆளுங்க அதே டிரஸ்ஸோட பஸ் ஏறிப் போறாங்க. பரவாயில்லையா?

வீட்டில் அந்தச் சட்டையை உதறித் துவைப்பவருக்கு என்ன ஆகும்? ஆலைக்குள் காலே வைக்காத மனைவிமாருக்கும் பிள்ளைகளுக்கும் மீசோதீலியோமா வந்தது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. இத்தாலியின் காசாலே மோன்ஃபெராட்டோ ஊரில் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஆலையை 1986-ல் மூடிய பிறகும், ஆலையில் வேலையே பார்க்காத ஊர்மக்கள் அந்த நோயால் இறந்துகொண்டிருந்தார்கள்.

மூன்று தடுப்பு போடுங்கள்: அழுக்கு அறை, குளியல், சுத்த அறை. உடம்பை முழுக்க மூடும் 'கவரால்' உடையை ஈரமாக்கி, உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டிக் கழட்டி, மாஸ்க்கை மட்டும் விடாமல் போட்டபடி குளித்து, கடைசியில்தான் மாஸ்க்கைக் கழட்ட வேண்டும். அந்த உடையும் கழிவுதான், துவைத்து மறுநாள் கொடுக்கக் கூடாது.

கழட்டின ஷீட் நல்லாத்தான் இருக்கு. மாட்டுக்கொட்டகைக்குக் கேக்கறாங்க, கொடுத்துடலாமா?

கொடுக்காதீர்கள். போகிற இடத்தில் அளவுக்கு வெட்டுவார்கள், புதுத் துளை போடுவார்கள், அதுவும் காய்ந்த நிலையில். அப்புறம் உடைந்த துண்டை வாசலில் பள்ளம் மூடக் கொட்டுவார்கள். வண்டிச் சக்கரம் தினமும் அதை அரைக்கும்.

அப்போ எங்கதான் கொண்டு போய் போடறது?

மாநகராட்சிக் குப்பைக் கிடங்கிலோ, கட்டிடக் கழிவோடோ சேர்க்கக் கூடாது. கழித்துப் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் 2016 அபாயகரக் கழிவு விதிகளின் அட்டவணை 1-ல் வருகிறது. தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியில் பொது அபாயகரக் கழிவு மேலாண்மை மையம் இருக்கிறது. அடியில் தடுப்பு போட்ட பாதுகாப்பான நிலநிரப்பலில் புதைப்பார்கள். மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல், அனுமதி பெற்ற வண்டி, படிவம் 10 என்ற அனுப்புச் சீட்டு மூன்றும் வேண்டும். சைட்டில் 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. எரித்துவிடலாமா என்றும் கேட்கிறார்கள். சாதாரண நெருப்பில் இது எரியாது, எரியாமல் இருப்பதற்காகத்தானே வாங்கி மாட்டினார்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் ஆயிலுக்கு நல்ல விலை சொல்றாங்க. வித்துடலாமா?

டெஸ்ட் பார்க்காமல் ஒரு சொட்டுக்கூட வெளியே விடாதீர்கள். பழைய டிரான்ஸ்ஃபார்மர், கெபாசிட்டர் எண்ணெயில் பி.சி.பி. என்ற குளோரின் சேர்மம் இருக்கலாம். பெயர்ப் பலகையில் அஸ்கரெல், அரோக்ளோர் என்று பி.சி.பி. எண்ணெயின் பெயர்கள் இருந்தால் சந்தேகமே வேண்டாம். தண்ணீரில் விட்ட எண்ணெய்ச் சொட்டு மூழ்கினால் பி.சி.பி.யாக இருக்கும் என்பார்கள், அது சரியே. ஆனால் மிதந்தால் பயமில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சாதாரண எண்ணெயில் கொஞ்சம் கலந்திருந்தாலும் மிதக்கத்தான் செய்யும், அதற்கு லேப்தான் வழி. இந்த எண்ணெயைச் செங்கல் சூளையில் எரித்தால் டயாக்சின் என்ற கொடிய நச்சு கிளம்பும். இந்தியாவில் பி.சி.பி. பயன்பாட்டை முழுக்க நிறுத்த 2016 உத்தரவு வைத்த கெடு 2025 டிசம்பர் 31.

பெயின்ட் அடிச்ச கர்டரை கேஸ் கட்டிங் பண்ணலாமா?

பழைய இரும்புப் பெயின்டில் ஈயம் இருக்கும், முக்கியமாக அடியில் உள்ள ஆரஞ்சு நிற பிரைமரில். கட்டர் சூட்டில் அது ஆவியாகி நேராக மூச்சில் போகும். வெட்டும் கோட்டின் இரண்டு பக்கமும் 10 செ.மீ. பெயின்டை ஈரமாகச் சுரண்டிவிட்டு வெட்டுங்கள், அல்லது சூடே இல்லாத ஹைட்ராலிக் கத்தரியால் வெட்டுங்கள்.

லேபிளே இல்லாத டிரம்முங்க, மூடின தொட்டிங்க நிறைய இருக்கு. திறந்து பாக்கலாமா?

முகர்ந்து பார்ப்பது, குச்சியை விட்டுக் கலக்குவது, இரண்டு டிரம்மை ஒன்றில் ஊற்றுவது எல்லாவற்றையும் இப்போதே நிறுத்துங்கள். முலாம் பூசும் யூனிட்டிலும், இரும்பைப் பதப்படுத்தும் யூனிட்டிலும் சயனைடு உப்பு மிச்சமிருக்கும். அதன்மேல் அமிலம் பட்டால் வரும் வாயு சில நிமிடங்களில் ஆளைச் சாய்க்கும். ஒவ்வொரு டிரம்முக்கும் எண் போட்டுப் படமெடுத்து, கெமிஸ்ட் வரும்வரை தொடாமல் இருங்கள்.

தொட்டியில் யாரும் சும்மா இறங்கக் கூடாது. ஆக்சிஜன், ஹைட்ரஜன் சல்பைடு இரண்டையும் மீட்டரால் பார்க்காமல் இறங்கிய முதல் ஆள் மயங்குவார், அவரைத் தூக்க இறங்கிய இரண்டாவது ஆளும் மயங்குவார். மேலே மூன்று கால் தாங்கியும் (டிரைபாட்) கயிறும், இறங்குபவர் உடம்பில் ஹார்னஸும் தயாராக இருந்தால் இன்னொருவர் இறங்காமலேயே அவரை இழுத்துவிடலாம்.

கனமா, ஈயம் மாதிரி ஒரு உருளை கிடைச்சிருக்கு. உள்ள என்னவோ இருக்கு. உடைக்கலாமா?

வைத்துவிட்டு விலகுங்கள். மூன்று இதழ் உள்ள கதிர்வீச்சுச் சின்னம் இருக்கிறதா என்று தூரத்திலிருந்தே பாருங்கள், இல்லாவிட்டாலும் உடைக்க வேண்டாம். மட்டம் அளக்கும், தடிமன் அளக்கும் கருவிகளில் கதிரியக்க மூலம் இருக்கும். 2010-ல் டெல்லி மாயாபுரியில் பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய கருவியைப் பழைய இரும்புக் கடையில் பிரித்தார்கள், உள்ளே கோபால்ட்-60. ஒருவர் இறந்தார், பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கும் காவல்துறைக்கும் சொல்லுங்கள்.

கட்டிடம் போயிடுச்சு, எல்லாம் எடுத்தாச்சு. பிளாட் போட்டு விக்கலாமா?

மண்ணைப் பார்த்தீர்களா? ராணிப்பேட்டையில் 1990-களில் மூடிய குரோமேட் ஆலை, ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல் குரோமியக் கழிவைத் திறந்தவெளியில் விட்டுப்போனது. மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர் வருகிறது என்று ஊர்க்காரர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடியது. 2003-ல் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. மண்ணில் இறங்கிய பாதரசத்தை எந்த அளவுக்குச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற சண்டை அதற்குப் பிறகும் பல வருடம் ஓடியது.

ஆகவே டிரான்ஸ்ஃபார்மர் நின்ற இடம், டிரம் அடுக்கிய இடம், கழிவுநீர் போன வாய்க்கால் மூன்றிலும் மண் சாம்பிள், முடிந்தால் கிணற்றுத் தண்ணீர் சாம்பிள். கூரை நீர் வடிந்த ஓரங்களில் ஆஸ்பெஸ்டாஸ் துண்டு புதைந்திருக்கும், அதையும் பொறுக்குங்கள்.

கம்பெனி திவால், ஓனரைக் காணோம். செலவை யார் ஏத்துக்கறது?

மாசுபடுத்தியவரே செலவையும் ஏற்க வேண்டும் என்பதை வேலூர் தோல் ஆலை வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் சட்டமாக்கிவிட்டது. நடைமுறையில் அந்த ஆளைப் பிடிப்பதற்குள் தலைமுறை மாறிவிடுகிறது. போபாலில் 1984-ல் விபத்து. ஆலைக்குள் கிடந்த 337 டன் கழிவு, அதே மத்தியப் பிரதேசத்தில் பீதம்பூரில் உள்ள கழிவு மையத்துக்கு வண்டி ஏறியது 2025 ஜனவரியில். நிலம் வாங்குபவராக இருந்தால், கிரயத்துக்கு முன்பே சர்வே செய்து, சுத்தம் செய்யும் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். பத்திரம் பதிந்த பிறகு பேச உங்களிடம் ஒன்றும் இருக்காது.

நாங்க பக்கத்துத் தெரு. இப்பவே ஜே.சி.பி. வச்சு ஷீட்டோட இடிக்கறாங்க. என்ன பண்றது?

ஜன்னலை மூடுங்கள், வெளியே காயப்போட்ட துணியை எடுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். தேதி, நேரத்தோடு படமெடுத்து மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், கலெக்டர் அலுவலகம் மூன்றுக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். "தூசி பறக்கிறது" என்று மட்டும் எழுதாமல் "ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை நனைக்காமல் உடைக்கிறார்கள்" என்று எழுதுங்கள். மாடியில் படிந்த தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

வேலை முடிஞ்சு கான்ட்ராக்டர் போயிட்டார். நான் என்னென்ன பேப்பர் வச்சிருக்கணும்?

சர்வே அறிக்கை, லேப் முடிவு, படிவம் 10 நகல்கள், கழிவு மையம் கொடுத்த எடைச் சீட்டு, கடைசிக் காற்றுப் பரிசோதனை முடிவு. மூடிய அறையில் லேகிங் எடுத்திருந்தால், முதலில் கண்ணால் பார்த்துத் துகள் எதுவும் இல்லை என்று உறுதி செய்து, பிறகு காற்றை அளக்க வேண்டும். பிரிட்டனில் ஒரு மில்லி லிட்டர் காற்றில் 0.01 நாருக்குக் கீழே வந்தால்தான் பாலித்தீனைப் பிரிக்க விடுவார்கள். இங்கேயும் அதையே ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

இவற்றோடு, வேலை பார்த்த ஒவ்வொருவரின் பெயர், ஊர், எத்தனை நாள் எந்த வேலை, நெஞ்சு எக்ஸ்ரே, மூச்சுப் பரிசோதனை முடிவு. மேலே சொன்ன 1995 தீர்ப்பு, ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் மருத்துவப் பதிவை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 வருடம், அல்லது வேலையை விட்டு 15 வருடம், எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்கச் சொல்கிறது. ஆஸ்பெஸ்டாசிஸ் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது, ஆனால் அந்த வேலை பார்த்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். தினக்கூலிக்கு வந்து போனவரிடம் அந்த ஆதாரம் இருக்காது. அதனால் நீங்கள் வைத்திருக்கும் நகலில் ஒன்றை அவர் கையிலும் கொடுத்துவிடுங்கள்.